மிதித்தால் பேசும் கம்பியில்லாத் தந்தி

பழைய மிதிவண்டிகளின் சக்கரத்தை ஒட்டிச் சுழலும் டைனமோவைப் பார்த்திருப்பீர்கள். மிதிக்க மிதிக்க விளக்கு எரியும், நின்றால் அணைந்துவிடும். இதே தத்துவம் ஒரு பெருநிலத்தின் தனிமையைப் போக்கியது என்றால் நம்புவீர்களா?

1920களில் ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் ஒரு மாட்டுப் பண்ணைக்கும் அடுத்ததற்கும் இடையே நெடுந்தொலைவு. பெரும்பாலான பண்ணைகளில் தந்தியும் இல்லை, மின்சாரமும் இல்லை. குதிரையிலிருந்து விழுந்து ஒருவர் காலை முறித்துக்கொண்டால், மருத்துவருக்குச் செய்தி போய்ச் சேரவே நாட்கணக்காகும். ஜான் ஃபிளின் என்ற பாதிரியார், மருத்துவரை விமானத்தில் அனுப்பத் திட்டமிட்டார். 1928 மே மாதம் குயின்ஸ்லாந்தின் கிளான்கரி நகரிலிருந்து முதல் மருத்துவ விமானம் பறந்தது. ஆனால் விமானத்தை அழைப்பது எப்படி?

கம்பியில்லாத் தந்திக் கருவி அப்போதே இருந்தது. தொல்லை மின்சாரத்தில்தான். அன்றைய வெற்றிடக் குழாய்களுக்கு உயர்ந்த மின்னழுத்தம் தேவை. மின்கலங்களோ கனமானவை, விலையும் அதிகம். கையால் சுற்றும் மின்னாக்கியைச் சோதித்தார்கள். ஒரு கையால் சுற்றிக்கொண்டே மறு கையால் செய்தி அனுப்புவது கடினமாயிற்று.

அடிலெய்டைச் சேர்ந்த பொறியாளர் ஆல்ஃபிரெட் டிரேகர் கையை விட்டுவிட்டுக் காலை நாடினார். மேசையின் கீழே பற்சக்கரங்களுடன் ஒரு மின்னாக்கி. அதற்கு மிதிவண்டியின் மிதிகள். இயல்பாக மிதித்தாலே சுமார் 300 வோல்ட் அழுத்தத்தில் 20 வாட் கிடைத்தது. இரு கைகளும் விடுதலை பெற்றன! 1929இல் அகஸ்டஸ் டவுன்ஸ் பண்ணையில் முதல் கருவி அமைந்தது.

மோர்ஸ் குறியீடு பண்ணைப் பெண்களுக்குத் தெரியாதே? அதற்கும் டிரேகர் வழி கண்டார். தட்டச்சுப் பொறி போன்ற பலகையில் எழுத்தைத் தட்டினால், குறியீடு தானாகச் செல்லும். பின்னர் பேச்சொலியே சென்றது. 1951இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் தொடங்கிய வானொலிப் பள்ளியும் பறக்கும் மருத்துவர் சேவையின் வானொலித் தொடர்பைப் பயன்படுத்தியதே.

இன்று மண்ணின் ஈரத்தை அளந்து, கம்பியில்லாமல் தெரிவிக்கும் உணர்கருவிகள் வந்துவிட்டன. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 வாட் வீதம் ஒரு நிமிடம் மிதித்தால் 1,200 ஜூல் ஆற்றல். ஒரு செய்தியை அனுப்ப 0.1 வாட் வீதம் ஒரு விநாடி, அதாவது 0.1 ஜூல், செலவாகிறது என்று கொள்வோம். சேமிப்பில் பாதி வீணானாலும் 6,000 செய்திகள் அனுப்பலாம்!

அன்று ஓர் உயிரைக் காக்கக் கால்கள் ஓயாமல் மிதித்தன. மின்கம்பி எட்டாத வயலுக்கு இன்று ஒரு நிமிட மிதிப்பே எவ்வளவோ செய்யும். உங்கள் வீட்டு மூலையில் துருப்பிடித்த டைனமோ கிடக்கிறதா? எடுத்துத் துடைத்துச் சுழற்றிப் பாருங்களேன்!