யோருபாத் திரைப்படமும் ஆங்கில வரிகளும்

நைஜீரியாவின் தென்மேற்கில் வழங்கும் யோருபா, ஓசையின் ஏற்றத்தாழ்வால் பொருள் வேறுபடும் மொழி. 'ஒக்கோ' எனும் சொல் ஓசைக்கேற்பக் கணவனையும் மண்வெட்டியையும் வண்டியையும் குறிக்கும். 1945இல் ஹூபர்ட் ஓகுண்டே தோற்றுவித்த ஊர்சுற்று நாடக மரபு, 1976இல் ஓலா பலோகன் இயக்கிய 'அஜானி ஓகுன்' மூலம் வெள்ளித்திரை கண்டது.

ஹவுசா, இக்போ மக்களுக்கும் எட்டவேண்டிப் பிற்காலப் படங்களின் அடியில் ஆட்சிமொழியாம் ஆங்கிலம் வரிகளாய் ஓடலாயிற்று. துண்டே கெலானியின் 'சவொரொயிடே' (1999) படத்தில் முரசே கதையின் உயிர். பேச்சின் ஓசையை அம்முரசு ஒலிக்கையில் யோருபா மக்கள் சொல்லையே கேட்கின்றனர். ஆங்கில வரியோ கருத்தை மட்டும் தரவல்லது. பழமொழிகளின் நிலையும் அதுவே: சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் விளங்காது, கருத்தைப் பெயர்த்தால் சுவை போகும்.

எனினும் அவ்வரிகள் இன்றேல் அயலாராகிய நாம் அக்கலையுள் நுழைவது எங்ஙனம்? அவற்றை வாயிலெனப் போற்றுவோம்; வீடெனக் கொள்ளோம்.