நிலமும் காட்சியும்: ஜெஃப்ரி பாவாவின் கட்டிடங்களை முன்வைத்து

'இயற்கையோடு இயைந்த கட்டிடம்' என்கிற சொற்றொடரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கொரு சந்தேகம் வருகிறது. இயைவது சரி, அது யாரோட இயற்கை, எந்த மனுஷனுக்காக இயையுது? கட்டிடக்கலை பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் கேள்வியை மரியாதையாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 'மனிதன்' என்று ஒருமையில் எழுதிவிட்டால் வேலை சுலபம். நான் கட்டிடக்கலை படித்தவனல்ல. தமிழ் எம்.ஏ. படித்தவன்; பிரதிகளை வாசித்துப் பழகியவன். கட்டிடத்தையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம் என்கிற தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் மாத்தளையில் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன். ஒருநாள் தம்புள்ளை வழியாகக் கண்டலம ஓட்டலுக்குக் கூட்டிப் போனார். இலங்கைக் கட்டிடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா (1919-2003) வடிவமைத்து 1994இல் முடிந்த கட்டிடம். மலைச்சரிவை ஒட்டி ஏறத்தாழ 1 கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்து கிடக்கிறது. ஆனால் எதிரே போய் நின்றால் கட்டிடமே தெரியவில்லை. குகை மாதிரி ஒரு நுழைவாயில். உள்ளே மலைப்பாறை அப்படியே நடைக்குள் வந்து நிற்கிறது. பாறையை உடைக்காமல் கட்டிடம்தான் ஒதுங்கிக்கொண்டிருக்கிறது. தூண்களின் மேல் தூக்கி நிறுத்தியிருப்பதால் மலையிலிருந்து இறங்கும் மழைத்தண்ணீர் அடியிலேயே ஓடிவிடும். மொட்டை மாடியிலும் முகப்பிலும் செடிகொடி. எதிரே கண்டலமக் குளம். தூரத்தில் சிகிரியாக் குன்று. அசந்துபோனேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

டீ குடித்துவிட்டு வெளியே வந்தபோது நண்பர் சொன்னார்: "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாத்தா காடு. இந்தப் பக்கம் பாத்தா பில்லு. குளத்த வெட்டுனவன் ரெண்டு பக்கமும் இல்ல, கவனிச்சீங்களா?" இந்தக் கட்டுரையை அந்த வாக்கியத்துக்கு எழுதப்பட்ட உரை என்று வைத்துக்கொள்ளலாம்.

2

பாவா முதலில் வழக்கறிஞர். தந்தை வழியில் முஸ்லிம், ஐரோப்பிய இரத்தம். தாய் பறங்கியர் சமூகம். 1948இல், இலங்கை சுதந்திரம் பெற்ற அதே வருடம், பெந்தோட்டைக்கு அருகே தெத்துவ ஏரிக்கரையில் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தை வாங்கினார். அதுதான் லுணுகங்க. அதைத் தோட்டமாக மாற்ற முயன்றபோது தனக்குக் கட்டிடக்கலை தெரியவில்லை என்று உணர்ந்து, லண்டன் போய்ப் படித்து 1957இல் தகுதி பெற்றார். அப்போது அவருக்கு 38 வயது. வீட்டுக்கு முன்னால் நிலம், அதற்கப்புறம் கட்டிடம் என்ற இந்த வரிசை முக்கியமானது. கடைசிவரை அவர் இப்படித்தான் யோசித்தார்.

லுணுகங்க இன்று பார்க்கிறவர்களுக்கு 'இயற்கை'யாகத் தெரிகிறது. டச்சுக்காரர் காலத்தில் கறுவா, வெள்ளைக்காரன் காலத்தில் ரப்பர் என்று இரண்டு காலனியமும் உழுதுபோட்ட மண் அது. ரப்பர் மரங்கள் போயின. வீட்டிலிருந்து பார்த்தால் ஏரியும் அப்பால் ஒரு தாதுகோபமும் தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு குன்றின் தலையையே தாழ்த்தினார்கள். வீட்டுக்கும் குன்றுக்கும் நடுவே ஊர்ப்பாதை ஒன்று போகிறது. அது பள்ளத்தில் மறைந்து போகும்படி செய்யப்பட்டது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பண்ணையார்களின் உத்தி இது. வேலியைப் பள்ளத்துக்குள் மறைத்துவிட்டால், ஜன்னலிலிருந்து பார்க்கிற பண்ணையாருக்குப் புல்வெளி முடிவில்லாமல் தெரியும். மாடு மட்டும் உள்ளே வராது.

பாதையை மூடவில்லை, ஊர்க்காரன் நடந்து போகலாம். ஆனால் காட்சியில் அவன் கிடையாது. நிலம் 'காட்சி'யாகிற கணம் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

3

பாவாவை இதோடு தள்ளிவிட முடியாது. 1960-62இல் கொழும்பில் பத்திக் ஓவியக் கலைஞர் எனா டி சில்வாவுக்கு அவர் கட்டிய வீட்டை எடுத்துக்கொள்வோம். காலனிய பங்களா மனையின் நடுவில் உட்கார்ந்து நாலு பக்கமும் வெளியே பார்க்கும். இந்த வீடு சிறிய மனையில் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நடுமுற்றத்தைச் சுற்றி உள்முகமாகத் திரும்பியது. வானமும் மழையும் வீட்டு நடுவில் இறங்கின. காலனிய வடிவத்துக்கு இதைவிட நல்ல பதிலைச் சொல்வது கஷ்டம்.

பொருளியல் காரணமும் இருந்தது. இலங்கையில் அந்நியச் செலாவணி நெருக்கடி; இறக்குமதிக்குக் கட்டுப்பாடு. இரும்பும் கண்ணாடியும் தாராளமாகக் கிடைக்காத காலம். உள்ளூர்க் கல், மரம், ஓடு என்று போனதில் ரசனைக்கு எவ்வளவு பங்கோ பற்றாக்குறைக்கும் அவ்வளவு பங்கு. நெளிந்த ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் தகட்டைப் போட்டு அதன்மேல் அரைவட்ட நாட்டு ஓட்டை வேய்வது பாவாவின் பிரபலமான கூரை முறை. மேலே பாரம்பரியம், கீழே தொழிற்சாலை. மழை ஒழுகாது, அவ்வளவுதான். பிற்கால விமர்சகர்கள் மேல் ஓட்டை மட்டும் பார்த்து 'மரபு' என்று பரவசப்பட்டார்கள்.

மண்ணில் வேர்விட்டது என்று புகழப்பட்ட அந்த வீடு பின்னாளில் என்ன ஆனது? மனை கைமாறியது. 2009க்குப் பிறகு கல்லுக்கும் மரத்துக்கும் எண் போட்டுக் கழற்றி, லுணுகங்கவுக்குக் கொண்டுபோய் மறுபடி எழுப்பினார்கள். காப்பாற்றப்பட்டது என்பதில் சந்தோஷம்தான். ஆனால் வேரைவிட நிலத்தின் விலை வலியது என்பதும் அதோடு நிரூபணமானது.

4

அடுத்தது பாராளுமன்றம். 1979இல் ஜெயவர்த்தன அரசு அந்தப் பணியைக் கொடுத்தது. கோட்டேயில் சதுப்பு நிலத்தைத் தோண்டி ஏரியாக்கி, நடுவில் தீவு அமைத்து, செப்புக் கூரைகளோடு தண்ணீரில் மிதப்பது போன்ற கட்டிடம். 1982 ஏப்ரலில் திறந்தார்கள். நீர், கூரை, வெளி என்று எல்லாம் இயைந்திருந்தன. 15 மாதத்தில் 1983 ஜூலை வந்தது. கொழும்புத் தெருக்களில் தமிழர்கள் எரிக்கப்பட்டார்கள். ஆகஸ்டில் இந்தச் சபையில்தான் 6ஆவது திருத்தம் நிறைவேறியது. தனிநாட்டைக் கைவிடும் உறுதிமொழியை எடுக்க மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர் தங்கள் இடங்களை இழந்தார்கள்.

கட்டிடம் குற்றவாளி என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது அபத்தம். ஆனால் தண்ணீரோடும் வானத்தோடும் இணைப்பதில் இவ்வளவு தேர்ச்சி பெற்ற ஒரு கலைமொழி, சக மனிதரோடு இணைப்பது பற்றி எதுவும் சொல்லாமலே பூரணமாக இருந்துவிட முடிகிறது. எனக்கு இதுதான் பிரச்சினை.

5

மறுபடி கண்டலம. ஓட்டலை சிகிரியாவின் அடிவாரத்தில் கட்டத்தான் முதலில் யோசித்தார்கள். அது வேண்டாமென்று குளத்தின் எதிர்ப்பக்கத்தைத் தேர்ந்தவர் பாவாதான். சிகிரியா தப்பித்தது என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் 1992இல் பெரிய எதிர்ப்பு எழுந்தது. பிக்குகளும் ஊர்க்காரர்களும் சூழலியலாளர்களும் சேர்ந்தார்கள். குளத்துத் தண்ணீர் கெடும், சுற்றுலா ஊரைக் கெடுக்கும் என்றார்கள். கட்டிடம் நிலத்தைக் காயப்படுத்தாமல் எழுந்தது; 2001இல் பாவாவுக்கு ஆகா கான் விருதுக் குழு தலைவரின் சிறப்பு விருதைக் கொடுத்தது. எதிர்த்தவர்கள் பயந்த அளவு நடக்கவில்லை என்று ஓட்டல் பக்கத்தில் சொல்வார்கள். இருக்கட்டும். ஓட்டலுக்குக் குளம் ஒரு காட்சி; எதிர்த்தவனுக்கு அது வயல், குடிநீர். அவன் கேட்டது அழகு பற்றிய கேள்வியே இல்லை.

அதற்காக எதிர்த்தவர்களைப் புனிதமாக்கவும் என்னால் முடியாது. குளம், தாதுகோபம், கிராமம் என்கிற முக்கோணம் சிங்கள பௌத்த தேசியத்தின் பழைய படிமம். 2012 ஏப்ரலில் அதே தம்புள்ளையில் பிக்குகள் தலைமையில் வந்த கூட்டம் ஒரு பள்ளிவாசலைத் தாக்கியது. 'இது எங்கள் நிலம்' என்கிற வாக்கியம் ஒரு நாள் குளத்தைக் காக்கும்; இன்னொரு நாள் பக்கத்து வீட்டுக்காரனை விரட்டும்.

6

தமிழ் படித்தவன் இந்த இடத்தில் திணையை இழுப்பான் என்று வாசகர் எதிர்பார்த்திருக்கலாம். இழுக்கத்தான் போகிறேன். தொல்காப்பியத்தின் கருப்பொருள் பட்டியலில் மரம், விலங்கு, பறவையோடு உணவும் பறையும் செய்தொழிலும் சேர்ந்தே வருகின்றன. உழைப்பைக் கழித்துவிட்டு வெறும் நிலம் அங்கே கிடையாது. நம்மாளுக பெருமை பேச இது போதும். ஆனால் அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்கு வெளியே நிறுத்தியதும் இதே இலக்கணம்தான் என்று உரையாசிரியர்கள் விளக்குகிறார்கள். நாமும் பாதையைப் பள்ளத்தில் மறைத்தவர்கள்தான்.

ஆகவே மரபுக்குத் திரும்பு, முற்றம் வை, ஓடு போடு என்கிற யோசனைகள் போதாது. மறைந்த பாதையை மேலே கொண்டுவருகிற கட்டிடம் எப்படி இருக்கும் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. என்னிடம் வரைபடம் இல்லை.

திரும்பி வரும்போது குளத்துக் கரையில் வண்டியை நிறுத்தினோம். சிலர் குளித்துக்கொண்டிருந்தார்கள், ஒரு அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து பார்த்தால் ஓட்டல் தெரியவில்லை, காடு மூடியிருந்தது. ஓட்டலிலிருந்து பார்த்தபோது இவர்களும் தெரியவில்லை.