39 இலக்கமும் ஒரு கணக்கு வாத்தியாரும்

பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். பகா எண்ணை எங்கள் வகுப்பில் 'நோம்ப்ர் பிரெமியே' என்பார்கள். 'முதல் எண்' என்று பொருள். எனக்குத் தமிழ்ப் பெயர்தான் பிடிக்கும். பகுக்க முடியாதது பகா எண். பெயரிலேயே விளக்கம் இருக்கிறது.

1644இல் பாரிசில் மெர்சேன் என்ற பாதிரியார் ஒரு பட்டியல் வெளியிட்டார். 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய இத்தனை இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, ஒன்றைக் கழித்தால் பகா எண் கிடைக்கும். 257 வரை வேறு எதற்கும் கிடைக்காது என்றார். நிரூபணம் தரவில்லை. 31 சரிதான் என்று 1772இல் ஆய்லர் காட்டினார். அதற்கு மேல் நூறு வருடம் யாராலும் நகர முடியவில்லை.

இந்த இடத்தில் என் கதை ஒன்று. குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிதில் பழைய ரிஜிஸ்டரைப் பார்த்துப் புதியதில் எழுதும் வேலை. ஒரு பியூனின் பிறந்த வருடத்தை அப்படியே நகல் எடுத்தேன். பழையதிலேயே தப்பு இருந்திருக்கிறது. பாவம், அவர் இரண்டு வருடம் முன்னதாகவே ஓய்வு பெற்றுப் போனார். மூலச் சான்றிதழை ஒருமுறை எடுத்துப் பார்த்திருக்க வேண்டியவன் நான்.

எடுத்துப் பார்த்தவர் எதுவார் லூக்கா. 1842இல் அமியேனில் பிறந்தவர், பாரிஸ் லிசேக்களில் கணக்கு வாத்தியார். 1876இல் 127ஆவது சரி என்று நிரூபித்தார். அந்த எண்ணுக்கு 39 இலக்கம். 67 தவறு என்றும் அவரே காட்டினார். பின்னால் வந்தவர்கள் 257ஐயும் தள்ளினார்கள். 61, 89, 107 மூன்றும் பட்டியலில் விட்டுப்போனவை என்றும் கண்டார்கள்.

அவர் வழி எளிது. 3இல் தொடங்குங்கள். அதன் வர்க்கத்தில் 2 கழித்தால் 7. மறுபடி அதே மாதிரி செய்தால் 47. சோதிக்கும் எண்ணைவிடப் பெரிதாகிவிட்டால், அதனால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். ஏழு இரண்டுகளைப் பெருக்கி ஒன்று கழித்தால் 127 அல்லவா? அதற்குப் போட்டால் 3, 7, 47, 48, 16, கடைசியில் 0. பூஜ்யம் வந்தால் பகா எண். இதற்கு ஐந்தே படி; லூக்காவின் எண்ணுக்கு 125 படி. அத்தனையும் கையால்!

1951 வரை, 75 வருடம், உலகம் அறிந்த மிகப் பெரிய பகா எண் அதுதான். இயந்திரத் துணையில்லாமல் கண்டவற்றில் இன்றைக்கும் அதுவே பெரியது.

பேரப்பிள்ளைகள் விளையாடும் 'ஹனோய் கோபுரம்' கூட 1883இல் லூக்கா கொண்டுவந்ததுதான். ஏழு வட்டுகளை மாற்ற 127 நகர்த்தல். அங்கேயும் அதே கணக்கு!

1891இல் ஒரு விருந்தில் தட்டு உடைந்து, தெறித்த துண்டு அவர் கன்னத்தைக் கிழித்தது. புண் சீழ்பிடித்துச் சில நாளில் இறந்துபோனார். வயது 49.

பென்சிலும் தாளும் எடுத்து அந்த ஐந்து படிகளைப் போட்டுப் பாருங்கள். நான் சொன்னதற்காக நம்ப வேண்டாம்.