கர்ப்பகாலத்தில் வேலையை விட்டவரும் மகப்பேற்றுப் பயனும்: ஒரு சட்டத்தின் வழித்தடம்

மதுரை மாட்டுத்தாவணியில் எம்.ஜி.ஆர். பேருந்து நிலையத்தையும் மலர்ச் சந்தையையும் சுற்றிப் பெண்கள் பார்க்கும் வேலைகள் பலவகை. முழக்கணக்கில் பூக்கட்டுகிறார்கள், ஓட்டல் அடுப்படியில் நிற்கிறார்கள், ஆம்னி பஸ் அலுவலகங்களில் டிக்கெட் போடுகிறார்கள், கே.கே.நகர் பக்கம் ஜவுளிக்கடையிலும் மருத்துவமனையிலும் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். கருவுற்ற பெண் ஒருத்தி இந்த வேலைகளிலிருந்து வெளியேறும்போது அதை வேலைநீக்கம் என்று எவரும் எழுதிவைப்பதில்லை. "வளைகாப்போட நின்னுக்கிறேன் சார்" என்று அவளே சொல்லிவிடுகிறாள். இந்திய மகப்பேற்றுச் சட்டம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக நீக்கப்பட்டவளைக் காக்கக் கற்றிருக்கிறது. தானே நின்றுகொண்டவளை அது சரியாகப் பார்க்கவே இல்லை என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

1919-இல் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு மகப்பேற்றுப் பாதுகாப்புக்கு ஓர் உடன்படிக்கை கண்டது. இந்தியா அதை ஏற்கவில்லை. 1924-இல் என்.எம்.ஜோஷி மத்தியச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த மசோதாவும் தோற்றது. மாகாணங்களே முந்திக்கொண்டன. 1928-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் அம்பேத்கர் பேசியபோது விவாதம் பணத்தில் வந்து நின்றது: பேறுகாலச் செலவை யார் சுமப்பது? தாயின் ஓய்வில் நாட்டுக்கும் நலன் இருப்பதால் அரசுக்கும் பொறுப்புண்டு என்றார் அவர். ஆனாலும் பெண்ணின் உழைப்பால் லாபம் காணும் முதலாளி கைகழுவ முடியாது என்றும் சொன்னார். 1929-இல் வந்த பம்பாய்ச் சட்டம் சுமையை முதலாளி தலையில்தான் வைத்தது. 1934-ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டமும் அவ்வழியே போனது.

அதன் விளைவைப் பஞ்சாலைகளில் காணலாம். மதுரையில் ஹார்வி மில் என்று இன்றும் சொல்லப்படும் மதுரா மில்ஸ் போன்ற ஆலைகள் பெண்களை ஒரு காலத்தில் கணிசமாக வேலைக்கு வைத்திருந்தன. இந்தியப் பஞ்சாலைகளில் பெண் தொழிலாளர் குறைந்துபோனதற்கு இரவு வேலைத் தடை, இயந்திர மாற்றம் ஆகியவற்றோடு மகப்பேற்றுச் செலவையும் ஆய்வாளர்கள் ஒரு காரணமாகச் சேர்க்கிறார்கள். செலவு முழுவதும் ஒரே கல்லாவிலிருந்து போனால், அந்தக் கல்லாக்காரர் கர்ப்பிணியைக் கணக்குப் போட்டுத்தானே பார்ப்பார்?

1961-ஆம் ஆண்டின் மகப்பேற்றுப் பயன் சட்டம் இந்த ஆபத்தை அறிந்தே எழுதப்பட்டது. அதன் 12-ஆம் பிரிவு, கர்ப்பகாலத்தில் எப்போது வேலைநீக்கம் செய்தாலும் அது பெண்ணுக்குரிய பயனைப் பறிக்காது என்றது. பயன் மறுக்கப்பட்டால் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யவும் வழி தந்தது. தகுதிக்கு முதலில் 160 நாள் வேலை கேட்டார்கள். 1988 திருத்தம் அதை 80 ஆக்கியது. பேற்றுக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்தவளை ஏழாம் மாதத்தில் போகச் சொன்னாலும் பணம் கொடுத்தே ஆகவேண்டும்.

நீதிமன்றங்கள் இந்த வேலியை மேலும் உயர்த்தின. கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு தோட்டத் தொழிலாளியின் வழக்கில், பயனைக் கணக்கிடும்போது ஞாயிற்றுக்கிழமைகளும் சேரும் என்று 1977-இல் தீர்ப்பானது. 2000 மார்ச் 8-இல், டெல்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்களுக்கும் உரிமை உண்டு என்றது அதே நீதிமன்றம். 2023 ஆகஸ்டில் கவிதா யாதவ் வழக்கில் ஒரு படி மேலே போய், ஒப்பந்தக்காலம் முடிந்துவிட்டாலும் பயன் அதைத் தாண்டியும் தொடரும் என்றது. வேலை போனபின்னும் பயன் நிலைக்கும் என்ற கருத்து இந்தத் தீர்ப்பில்தான் முழுவடிவம் பெற்றது.

தானாக விலகியவளைப் பற்றி 12-ஆம் பிரிவு வாய் திறக்கவில்லை. "சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்" என்ற ஒருவரிக் கடிதத்தின் முழுச் சக்தியும் இந்த மௌனத்தில்தான் இருக்கிறது. சில இடங்களில் வாசகத்தைக்கூட அலுவலகமே சொல்லித்தரும். அவள் கையெழுத்தும் தேதியும் போட்டால் போதும். அதைக் கட்டாயத்தின்பேரில் எழுதினேன் என்று பின்னால் நிறுவும் பாரம் அவள்மேலேயே விழுகிறது. நாள் முழுக்க நின்று சேலை விரித்துக் காட்டும் பெண் கால் வீங்கி வேலையை விட்டால், அது விருப்பமா நிர்ப்பந்தமா? கடை ஊழியர் உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு சட்டம் செய்ததே 2021-இல்தான். என் மதிப்பீட்டில், உட்கார நாற்காலி இல்லாத கடையில் கர்ப்பிணி எழுதும் விலகல் கடிதத்தை விருப்ப விலகல் என்று எடுத்துக்கொள்வது சட்டப் புனைவு.

இந்த இடத்தில் உதவுவது வேறொரு மரபில் வந்த சட்டம். 1948-ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தின்கீழ் வந்த திட்டம், அதாவது எல்லோரும் சொல்லும் இ.எஸ்.ஐ., தமிழ்நாட்டில் 1955-இல் கோயம்புத்தூரில் தொடங்கியது. இங்கே பணம் தருவது முதலாளி அல்ல, இருதரப்புச் சந்தாவில் சேர்ந்த நிதி. காப்பீடு பெற்றவர் என்பதற்குச் சட்டம் தரும் வரையறையில் இப்போது ஊழியராக இருப்பவரோடு முன்பு ஊழியராக இருந்தவரும் அடக்கம். ஆகவே இன்று அவள் வேலையில் இருக்கிறாளா என்பது கேள்வியே இல்லை. முந்தைய இரண்டு சந்தாக் காலங்களில் மொத்தம் 70 நாள் சந்தா செலுத்தவேண்டியிருந்ததா என்பதுதான் கேள்வி.

ஓர் உதாரணம் பார்ப்போம். 2025 மார்ச்சில் பேறு எதிர்பார்க்கும் பெண் 2024 அக்டோபரில் வேலையை விட்டாள் என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி முதல் ஜூன் வரையான பயன்காலத்துக்குப் பார்க்கப்படுவது 2023 அக்டோபர் முதல் 2024 செப்டம்பர் வரையான சந்தா. அதில் 70 நாள் இருந்தால் 26 வாரப் பயனுக்கு அவள் தகுதியானவள். அக்டோபரில் எழுதிய விலகல் கடிதம் இந்தக் கணக்குக்குள் வரவே வராது. 2017-இல் பயன் 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தபோது முதலாளி தரும் பயனும் இ.எஸ்.ஐ. பயனும் சேர்ந்தே உயர்ந்தன. வேலையை விட்டவளுக்கு அந்த உயர்வின் பலன் கிடைக்கும் வழி இ.எஸ்.ஐ.தான். ஆனால் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேல் போனால் இந்தக் கதவு பொதுவாகத் திறப்பதில்லை. பத்துப் பேருக்குக் குறைந்த சிறு கடைக்காரரைத் தேடி இ.எஸ்.ஐ. வருவதும் வழக்கமில்லை.

பூக்கட்டும் பெண்ணுக்கு முதலாளி யார் என்பதே தெளிவில்லை, சந்தாவும் கிடையாது. அவளுக்கு மிஞ்சுவது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மாநில உதவி. 1987-இல் 300 ரூபாயாகத் தொடங்கியது, 2006-இல் 6,000 ஆகி, 2011-இல் 12,000 ஆகி, பின்பு மத்திய அரசுத் திட்டத்தோடு இணைந்து ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்பட 18,000 ஆனது. வேலையில் இருந்தாயா, விட்டாயா என்று இது கேட்பதில்லை. ஏழைக் குடும்பமா, முதல் இரண்டு பேறுக்குள்ளா என்று பார்க்கிறது. அரசுக்கும் பொறுப்புண்டு என்ற 1928-ஆம் ஆண்டு வாதத்துக்கு அருகில் வருவது இதுதான். இதே மாநிலத்தின் அரசு ஊழியருக்கு 2021 ஜூலை முதல் பன்னிரண்டு மாதம் சம்பளத்தோடு விடுப்பு என்பதை இந்தத் தொகையோடு சேர்த்துப் படிக்கவேண்டும்.

2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில், 1961 சட்டத்தின் வேலைநீக்கப் பாதுகாப்பு சொல் அதிகம் மாறாமல் இடம்பெற்றிருக்கிறது. தானே விலகிய பெண்ணைப் பற்றி மகப்பேற்று அத்தியாயம் இப்போதும் எதுவும் சொல்லவில்லை. அந்த மௌனம் கலையும்வரை, வேலையை விட நினைக்கும் கர்ப்பிணிக்குச் சொல்லக்கூடியது இது: கடிதத்தில் கையெழுத்திடுமுன் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் காப்பீட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு, சந்தா நாட்களை எண்ணிப் பார்த்து, இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேளுங்கள்.