மூத்த குடிமக்கள் ஆலோசனைக் குழுக்கள்

முதியோர் நலக் கொள்கை, சட்ட நடைமுறை ஆகியவை பற்றி அரசுக்கு ஆலோசனை கூறும் அமைப்புகள். அதிகாரிகளோடு, அரசு சாரா உறுப்பினர்களாக முதியோரும் தொண்டு நிறுவனத்தாரும் இவற்றில் இடம்பெறுவர். இந்தியாவில் தேசியம், மாநிலம், மாவட்டம் என மூன்று படிகளில் இவை உள்ளன. புதுக்கோட்டை மாவட்டத்தில் விராலிமலையை அடுத்துள்ள கொடும்பாளூர் போன்ற சிற்றூருக்கு அருகில் வருவது மாவட்டப் படிதான்.

வயதை நிர்வாகத் தகுதியாகக் கொள்வது தமிழகத்துக்குப் புதிதல்ல. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் வாரிய (ஊர்ச்சபைக் குழு) உறுப்பினருக்கான வயது கி.பி. 919-இல் 30 முதல் 60 என்றும், 921-இல் 35 முதல் 70 என்றும் வரையறுக்கப்பட்டது. ஆண்டு வாரியத்துக்குக் கல்வியிலும் வயதிலும் மூத்தவர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. கொடும்பாளூரை ஆண்ட இருக்குவேளிர் பராந்தகன் குடும்பத்தோடு மணவுறவு கொண்டவர்கள். ஆயினும் உத்திரமேரூர் போன்ற பிரமதேயத்தின் (பிராமணர் ஊர்) குடவோலை முறையை, அதாவது சீட்டெடுத்து உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை, வேளிர் ஊருக்கும் ஏற்றிச் சொல்லலாகாது. அறிவுரை மட்டும் கூறும் மன்றத்துக்கு இம்மண்ணிலேயே ஒரு முன்மாதிரி இருந்தது. புதுக்கோட்டை சமஸ்தானத்தில் 1902-இல் தோன்றிய பிரதிநிதி சபை அது. அதன் உறுப்பினர்கள் கேள்வி கேட்கலாம், யோசனை சொல்லலாம்; முடிவெடுத்தது சமஸ்தான நிர்வாகமான தர்பார்.

முதியோருக்கெனத் தனி மன்றம் வருமுன்பே உதவித்தொகை வந்துவிட்டது. தமிழக அரசு 1962-இல் மாதம் 20 ரூபாய் என்று அதைத் தொடங்கியது. 1982-இல் வியன்னாவில் ஐ.நா. நடத்திய முதுமை குறித்த உலகப் பேரவைக்குப் பின்னரே முதியோர் கொள்கை என்ற பேச்சு நாடுகளிடையே வலுத்தது. இந்தியாவின் தேசிய முதியோர் கொள்கை 1999-இல் வெளியானது. அதைக் கண்காணிக்க மத்திய சமூகநீதி அமைச்சரின் தலைமையில் அமைந்த தேசிய மன்றம் 2005-இல் திருத்தியமைக்கப்பட்டது. 2012-இல் தேசிய மூத்த குடிமக்கள் மன்றம் எனப் பெயர் மாறியது. இடையில் மோகினி கிரி தலைமையிலான குழு 2011-இல் புதிய கொள்கை வரைவைத் தந்தது.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் நிறைவேறியது. மன்றம், குழு என்ற பேச்சே அந்தச் சட்டத்தில் இல்லை. மாநிலங்கள் வகுத்த விதிகளில்தான் அவை இடம்பெற்றன. தமிழகத்தின் விதிகள் 2009-இல் வந்தன. மாவட்டக் குழு ஆட்சியர் தலைமையில் கூடி, சட்டம் எப்படி நடைமுறையாகிறது என்று ஆலோசிக்க வேண்டும். பிள்ளைகள் சோறு போடவில்லை என்ற வழக்கு அங்கே வராது. அது கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்துக்குப் போகும். கொடும்பாளூர்க்காரர்களுக்கு அது இலுப்பூர்க் கோட்டம். விசாரணைக்கு முன் சமரசம் பேசும் பொறுப்பைப் பதிவு பெற்ற தொண்டு அமைப்பின் பிரதிநிதிக்குத் தரவும் சட்டம் இடமளிக்கிறது. ஊதியமில்லாத் தொண்டர் ஒருவரின் சொல் நேரடியாகப் பலன் தரக்கூடிய இடம் இதுவே.

இவ்வமைப்பின் பெருங்குறை துறைப் பிரிவினையில் இருக்கிறது. சட்டமும் குழுவும் சமூக நலத்துறையைச் சார்ந்தவை. சிற்றூர் முதியவருக்கு முதல் கவலையான ஓஏபி (முதியோர் உதவித்தொகை) பணமோ வருவாய்த்துறையிடம், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் இருக்கிறது. 2011-இல் 1,000 ரூபாயாகவும் 2023-இல் 1,200 ரூபாயாகவும் அத்தொகை உயர்ந்தது. அது நின்றுபோனால் பாட்டிமார் மனுவோடு நிற்பது கிராம சபையில் அல்லது திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்தில். மாவட்டக் குழுவின் வாசலில் அல்ல.

உறுப்பினரை நியமிக்கும் முறையும் விவாதத்துக்குரியது. டென்மார்க்கில் 1997 முதல் ஒவ்வொரு நகராட்சியிலும் முதியோர் மன்றம் கட்டாயம். 60 வயது நிறைந்தவர்களே வாக்களித்து அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இங்கே உறுப்பினரை அரசே அமர்த்துகிறது. தமிழக மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 2011 கணக்கெடுப்பிலேயே 10.4 சதவீதம். ஆயினும் கூலி வேலையில் முதுமை கண்டவர்களுக்கு இக்குழுக்களில் நாற்காலி கிடைப்பது இன்னும் அதிகாரிகளின் விருப்பத்தைப் பொறுத்தது. கேரளம் வேறு வழியில் சென்றது: 2025-இல் முதியோர் ஆணையத்துக்கெனத் தனிச் சட்டமே இயற்றியது.