அவசர எச்சரிக்கை ஒலிபரப்பு (அமெரிக்கா)

போர், புயல், வெள்ளம், நச்சுவாயுக் கசிவு போன்ற ஆபத்துகளை வானொலி, தொலைக்காட்சி வழியே மக்களுக்கு உடனடியாக அறிவிக்க அமெரிக்காவில் உள்ள ஏற்பாடு. சோவியத் தாக்குதலை எதிர்பார்த்து 1951இல் தொடங்கப்பட்டாலும், நடைமுறையில் பெரும்பாலும் வானிலை ஆபத்துகளுக்கே பயன்பட்டு வருகிறது.

கோனல்ராட் (1951–1963)

1941இல் பேர்ல் துறைமுகத்தைத் தாக்க வந்த ஜப்பானிய விமானங்கள் ஹொனலுலு வானொலியின் அலையைப் பிடித்துத் திசையறிந்தன. அதனால், அதிபர் ட்ரூமன் காலத்தில் வகுக்கப்பட்ட கோனல்ராட் முறை, நிலையங்களின் இருப்பிடத்தை மறைப்பதில் கருத்தாக இருந்தது. எச்சரிக்கை வந்ததும் நிலையங்கள் வழக்கமான ஒலிபரப்பை நிறுத்திவிட வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட சில மட்டும் 640, 1240 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசைகளுக்கு மாறி, ஒன்று சில நிமிடம் பேசி ஓய, அடுத்தது தொடரும். அக்கால வானொலிப் பெட்டிகளின் அலைவரிசைப் பலகையில் அவ்விரு இடங்களிலும் சிறு முக்கோணக் குறி இருக்கும். வானொலி அலையின் துணை தேவைப்படாத ஏவுகணைகள் வந்தபின் இந்த உத்தி பயனற்றுப்போனது.

அவசர ஒலிபரப்பு முறை (1963–1996)

அடுத்து வந்த முறையில் நிலையங்கள் தத்தம் அலைவரிசையிலேயே எச்சரிக்கையை ஒலிபரப்பலாம். 853, 960 ஹெர்ட்ஸ் ஒலிகளைச் சேர்த்து எழுப்பும் காதைக் குத்தும் ஓசை 1970களில் இதன் அடையாளமானது. அது நேயரை உசுப்பியதோடு மற்ற நிலையங்களின் கருவிகளையும் இயக்கியது.

1971 பிப்ரவரி 20, சனிக்கிழமை காலை, வாராந்திரச் சோதனை நாடாவுக்குப் பதில் உண்மையான அவசரநிலை நாடா, நிலையங்களுக்குச் செய்தி அனுப்பும் டெலிபிரிண்டரில் ஏற்றப்பட்டது. சரியான சங்கேதச் சொல்லும் உடன் வந்ததால் சந்தேகத்துக்கு இடமில்லை. ஃபோர்ட் வெய்ன் நகரின் வோவோ நிலையம் பாட்டைப் பாதியில் நிறுத்தி அவசரநிலையை அறிவித்தது. பல நிலையங்களோ, சோதனை வரும் நேரம்தானே என்று வாளாவிருந்தன. செய்தியை முறைப்படி திரும்பப் பெறச் சுமார் 40 நிமிடம் ஆனது.

அணுப்போருக்காக இம்முறை ஒருபோதும் பயன்படவில்லை. உள்ளூர் ஆபத்துகளுக்கோ, 1976 முதல் 1996 வரை 20,000 முறைக்கு மேல் பயன்பட்டது.

இன்றைய முறை (1997 முதல்)

இப்போது எச்சரிக்கைக்கு முன் கரகரப்பான ஒலித்துணுக்கு ஒன்று மும்முறை ஒலிக்கும். ஆபத்து எது, எந்த மாவட்டத்துக்கு, எவ்வளவு நேரத்துக்கு என்பவை அதில் குறியீடுகளாக அடங்கியிருக்கும். டொர்னேடோ சுழற்காற்றுக்கு ‘டிஓஆர்’ என்பது குறி. ஆள் இல்லாத நள்ளிரவிலும் நிலையத்தின் கருவி அதைப் படித்துத் தானே ஒலிபரப்ப முடியும். வீட்டிலுள்ள வானிலை வானொலிப் பெட்டி தன் மாவட்டத்துக்கான குறி வந்தால் மட்டும் அலறும்.

தவறு மட்டும் விடவில்லை. 2018 ஜனவரி 13 அன்று ஹவாயில், ஏவுகணை வருவதாகப் பொய்யான எச்சரிக்கை கைப்பேசிகளுக்கும் வானொலிக்கும் போனது. அது தவறு என்ற அறிவிப்பு வர 38 நிமிடம் ஆனது.

2012 முதல் கைப்பேசிக்கும் எச்சரிக்கைகள் வந்தாலும் வானொலியின் தேவை குறையவில்லை. 2017 செப்டம்பரில் மரியா சூறாவளி பியூர்ட்டோ ரிக்கோவின் கைப்பேசிக் கோபுரங்களில் 95 விழுக்காட்டை முடக்கியபோது, வாபா வானொலி தொடர்ந்து ஒலிபரப்பியது. உறவினரைத் தேடியவர்கள் நிலையத்துக்கே வந்து எழுதிக் கொடுத்த செய்திகளையும் அறிவிப்பாளர்கள் வாசித்தனர்.