அணையாத நெருப்பு

ஓர் இனத்தை அதன் மண்ணிலிருந்து பெயர்த்துவிட்டால் அதன் மரபும் மாண்டுவிடுமா? அமெரிக்கப் பழங்குடியினரான செரோக்கி மக்களின் வரலாற்றில் இதற்கு விடை தேடுவோம்.

தென்கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் வாழ்ந்த உழவர்கள் இவர்கள். ஏழு குலங்கள், குலவழி தாயைச் சார்ந்தது. மக்காச்சோளமே முதன்மை உணவு. கோடையின் இறுதியில் கதிர் முற்றியதும் ஊரார் கூடிப் புதுக்கதிர் விழா எடுப்பர். விழா முடியுமுன் எவரும் புதுக்கதிரை உண்ணார். வீட்டு அடுப்புகளின் பழைய நெருப்பை அணைத்து, ஊர் மன்றத்தில் மூட்டிய புது நெருப்பை எடுத்துச் செல்வர். பழைய பிணக்குகளும் அன்றோடு தீரும்.

1830இல் பழங்குடியினரை வெளியேற்றும் சட்டம் வந்தது. 1838, 1839ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 16,000 பேர் இன்றைய ஓக்லஹோமாவுக்கு விரட்டப்பட்டனர். வழியிலும் முகாம்களிலும் சுமார் 4,000 பேர் மாண்டனர் என மதிப்பிடுகின்றனர். அதுவே 'கண்ணீர்ப் பாதை'. அந்த நெடுவழியிலும் புனித நெருப்பின் கங்குகளைக் காத்துச் சென்றதாக அம்மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர்.

சிலர் வட கரோலினா மலைகளிலேயே தங்கிவிட்டனர். பிரிந்த இரு பிரிவினரின் மன்றங்களும், 1984 ஏப்ரலில், டென்னசி மாநிலத்து ரெட் கிளேயில் ஒன்றுகூடின. வெளியேற்றத்திற்கு முன் அவர்களுடைய கடைசி மன்றங்கள் கூடிய இடம் அது. அங்கே அணையாச் சுடரும் ஏற்றப்பட்டது. ஓக்லஹோமாவின் தாலக்குவா நகரில், 1839ஆம் ஆண்டின் அரசியலமைப்பை நினைவுகூரும் விழா 1953 முதல் நடந்து வருகிறது.

மண் பறிபோனபின்பும் கூடும் வழக்கத்தை அவர்கள் விடவில்லை. மரபு பிழைத்த வழி அதுவே என்று நாம் அறிகிறோம்.